ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி

சித்திரை மாதத்தில் மதுரைக்குப் போகிறவர்கள் தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்க்காமல் திரும்புவதில்லை. அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகரை ஊரே திரண்டு எதிர்கொண்டு அழைக்கும் இடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் ஆண்டாளின் மாலையைச் சூடிக்கொண்ட பிறகுதான் அவர் வைகையில் இறங்குகிறார். அதே சாலையில் சற்று நடந்தால் செக்கச் சிவந்த அமெரிக்கன் கல்லூரிக் கட்டடமும், இன்னும் கொஞ்சம் போனால் கோரிப்பாளையம் தர்காவும் வந்துவிடும். மூன்றையும் ஒரே மாலை நடையில் கடந்து போகலாம்.

கடந்து போகிறோம் என்பதுதான் சரி. கல்லூரியின் சிற்றாலயத்திலே மணி அடிக்கிறது; உள்ளே கூடியிருப்பவர்கள் எதை நம்புகிறார்கள், என்ன ஓதுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். கிறிஸ்துமஸ் கேக், கான்வென்டுப் பள்ளிக்கூடத்தின் கண்டிப்பு, வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள். இதற்கு மேல் நம் அறிவு போவதில்லை. இத்தனைக்கும் அந்த மதம் இன்று நேற்று வந்ததல்ல. 'கிறிஸ்தவம் என்றால் என்ன?' என்ற கேள்வியை மதுரை நகரம் 400 வருஷங்களுக்கு முன்பே கேட்டுவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்தவருடைய கதையைச் சொன்னால், அந்த மதத்தின் சாரமும் அதிலேயே வந்துவிடும்.

1542-ம் ஆண்டில் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பரதவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சேவியருக்குத் தமிழ் தெரியாது. சில பிரார்த்தனைகளைத் தமிழில் எழுதி வாங்கி நெட்டுருப் போட்டு, கையில் மணியை ஆட்டிக்கொண்டு, கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். விசுவாசப் பிரமாணம், இயேசுநாதர் கற்றுக்கொடுத்த ஜெபம், பத்துக் கற்பனைகள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எதை நம்புவது, எப்படி வேண்டுவது, எப்படி நடப்பது என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன.

கடற்கரையில் பற்றிய தீ மதுரைக்குள் பரவவில்லை. 1595 வாக்கிலிருந்து கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் மதுரையில் இருந்தார். பட்டாளத்தில் சேவகம் பார்த்துவிட்டுத் துறவு பூண்டவர், நல்ல மனிதர். ஒரு சிறு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்துச் சாலை எல்லாம் வைத்துப் பார்த்தார். வியாபார நிமித்தம் மதுரைக்கு வரும் பரதவர்களைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கிறிஸ்தவராகிறாயா என்பதற்கு அவர் கேட்ட கேள்வி, 'பறங்கிக் குலத்தில் சேருகிறாயா?' என்பது! பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளிக்காமல் திரிகிறவன் என்பது அந்நாளைய மதுரையின் அபிப்பிராயம். அந்தக் குலத்தில் சேர யார் சம்மதிப்பார்கள்?

1606-ம் ஆண்டின் இறுதியில் மதுரைக்கு வந்து சேர்ந்தார் ராபர்ட் தெ நொபிலி. இத்தாலியப் பிரபு வம்சத்தவர், வயது இருபத்தொன்பது. மேற்படி கேள்வியைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வதும் போர்ச்சுகீசியனாக மாறுவதும் ஒன்றல்லவே! மோட்சத்துக்குப் போக வேஷ்டியைக் கழற்றிவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொள்ள வேண்டுமா?

அவர் செய்த காரியம் ஊரைத் திகைக்க வைத்தது. கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். காலில் பாதக்குறடு, கையில் தண்டும் கமண்டலமும், நெற்றியில் சந்தனம். தனி வீட்டில் தங்கினார். ஒரு வேளைதான் உணவு. அதுவும் சோறு, பால், காய்கறி. தமிழைப் பழுதறக் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சம்ஸ்கிருதம் படித்தார். அந்த மொழியைக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். தாம் பறங்கி அல்ல என்றும், ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்த சந்நியாசி என்றும் எல்லாருக்கும் அறிவித்தார். 'தத்துவ போதக சுவாமி' என்று ஜனங்கள் அழைத்தார்கள். ஒரு பள்ளி உபாத்தியாயர் வந்து பல நாள் வாதாடினார். கடைசியில் அவரே முதல் சீடரானார்.

வேஷத்தை மாற்றுவது சுலபம். சொற்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு முன்பும் கிறிஸ்தவத் தமிழ் இருந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கச் சிறு நூல்தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். ஆனால் அந்தக் காலத்து வேதத் தமிழில் போர்ச்சுகீசியமும் லத்தீனும் கல்லும் முள்ளுமாகக் கலந்து கிடந்தன. 'மிசா' என்ற வழிபாட்டின் பெயர் தமிழ் நாக்கில் 'மீசை' ஆகிவிட்டது! 'சுவாமியார் காலையிலே மீசை வைக்கிறார்' என்று சொன்னால் கேட்கிறவன் என்ன நினைத்துக்கொள்வான்? நொபிலி அதைப் பூசை என்றார். சர்வேசுரன், கோயில், குரு, ஞானஸ்நானம், வேதம் போன்ற சொற்கள் அவருடைய நூல்களில் புதுப் பொருளோடு நிலைபெற்றன. 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்' முதலிய நூல்களை அவர் எழுதினார்.

அந்தச் சொற்களைக் கொண்டே இந்த மதத்தைப் பார்க்கலாம்.

சர்வேசுரன் ஒருவரே, அவரே வானத்தையும் பூமியையும் படைத்தார். அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று ஆட்களாய் இருக்கிறார். ஆனாலும் மூன்று கடவுளர் இல்லை, ஒருவரே. இதற்குத் திரித்துவம் என்று பெயர். மனிதன் தன் சித்தப்படி நடந்து பாவத்தில் வீழ்ந்தான். அவனை மீட்கச் சுதனே மனிதனாய்ப் பிறந்தார். அவரே இயேசு. நம்முடைய அவதாரக் கொள்கைக்கு இது பக்கத்தில் வருவதுபோலத் தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு. அவதாரங்கள் பல, கிறிஸ்தவர்களுக்கோ இது ஒரே தடவை நிகழ்ந்தது. அதுவும் துஷ்டனை வதைத்து வெற்றி பெற்ற அவதாரம் அல்ல. ரோமாபுரி அதிகாரியின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டு, குற்றவாளிகளோடு குற்றவாளியாய் மாண்ட கதை. மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கையின் ஆணிவேர். அதை எடுத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் நல்ல உபதேசங்கள் மிஞ்சும், மதம் மிஞ்சாது.

வேதம் என்று அவர்கள் சொல்லும் பைபிள் ஒரே புத்தகம் அல்ல, ஒரு நூலகம். யூதர்களுடைய வேதமான பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் எழுந்தது. இயேசுவுக்குப் பின் எழுந்த புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நால்வர் பெயரால் வழங்கும் நான்கு சுவிசேஷங்கள் இயேசுவின் சரித்திரத்தைச் சொல்கின்றன. புரொட்டஸ்டண்டுகளின் பைபிளில் 66 நூல்கள், கத்தோலிக்கர்களுக்கு 73. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-ல். கடவுளுக்கு அவர் சர்வேசுரன் என்றார். பின்னால் வந்த பப்ரீஷியஸ் பராபரன் என்றார். 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-ல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு நல்ல தமிழை நாடிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. நொபிலி தொடங்கி வைத்த தேடல் இன்னும் முடிந்தபாடில்லை.

இனி அனுஷ்டானங்கள். தண்ணீரால் ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஜெபிக்கிறார்கள். இயேசு தம் மரணத்துக்கு முந்திய இரவில் சீடர்களோடு உண்ட விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்து கொள்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு இப்படிப்பட்ட அருட்சாதனங்கள் ஏழு. புரொட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள் நோன்பு, பெரிய வெள்ளியன்று துக்கம், ஈஸ்டரன்று கொண்டாட்டம். கத்தோலிக்கர்கள் சப்பரம் இழுப்பார்கள். பாத யாத்திரை போவார்கள். 1693-ல் ஓரியூரில் சேதுபதியின் சீமையிலே வெட்டுண்டு இறந்த அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோவின் பெயரைச் சொல்லி, அவருடைய குருதியால் சிவந்தது என்று அந்த மண்ணை எடுத்துக்கொண்டு போவார்கள். புரொட்டஸ்டண்டுகளுக்குப் பாட்டுத்தான் யாத்திரை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் பாடிய கீர்த்தனைகளை 1853-ல் நூலாகத் தொகுத்து வெளியிட்டவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப்.

இயேசுவினுடைய கட்டளைகளை அவரே இரண்டாகச் சுருக்கிச் சொல்லியிருக்கிறார். கடவுளை முழு உள்ளத்தோடு நேசி. உன்னைப் போலவே அயலானையும் நேசி. கேட்க எளிது. மதுரையில் இந்த இரண்டாவது கட்டளைதான் பெரும் சோதனையாக முடிந்தது.

நொபிலியின் மேல் முதலில் புகார் எழுதியவர் வேறு யாருமல்ல, கூட இருந்த பெர்னாண்டஸ்தான். 1610-ல் தொடங்கிய வழக்கு கோவா வழியாக ரோமாபுரிக்குப் போயிற்று. பூணூலும் குடுமியும் சந்தனமும் ஸ்நானமும் மதச் சின்னங்களா, சமூக வழக்கங்களா? 1619-ல் கோவாவில் பெரிய மாநாடு கூடியது. எதிர்ப்பே பலமாக இருந்தது. 1623-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பாப்பரசர் பதினைந்தாம் கிரெகரி அவற்றை அனுமதித்துத் தீர்ப்பளித்தார். நொபிலி ஜயித்தார்.

ஆனால் அதே தீர்ப்பின் முடிவில் பாப்பரசர் ஒரு வேண்டுகோளையும் வைத்தார். உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை இகழ வேண்டாம்; தனித்தனிக் கோயில்களில் வேதம் கேட்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று மன்றாடினார். அனுமதியை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வேண்டுகோள் ஏட்டில் நின்றுவிட்டது. தத்துவ போதகர் தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழகினால் உயர்குலத்தார் விலகிவிடுவார்கள். பழகாவிட்டால் ஏழைகளுக்குக் குரு இல்லை. இதற்கு மதுரை மிஷன் கண்டுபிடித்த வழி, 1640 முதல் இரண்டு விதக் குருமார்களை வைத்துக்கொண்டது. பிராமண சந்நியாசிபோல் இருப்பவர்கள் ஒரு வகை. பண்டார சுவாமிகள் என்று மற்றவர்களிடையே போகிறவர்கள் ஒரு வகை. ஒரே பரலோகத்துக்கு இரண்டு வாசல்!

நொபிலியை இதற்காகக் கபடர் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. அவர் சிறையில் கிடந்தார். கண்பார்வை மங்கி, ஊரைப் பிரிந்து, 1656-ல் மயிலாப்பூரில் காலமானார். சுகத்துக்காக வேஷம் போட்டவர் இப்படி வாழ மாட்டார். ஒரு தேசத்தின் பழக்கங்களை மதிக்க வேண்டும் என்று அவர் நினைத்தது பெரிய மனசு. எந்தப் பழக்கத்தை மதிப்பது, எதை எதிர்ப்பது என்று பிரித்துப் பார்க்குமிடத்தில்தான் சறுக்கினார். குடுமி ஒருவனுடைய தலையோடு போகிறது. ஜாதி இன்னொருவனுடைய தலைமேல் ஏறி உட்காருகிறதே! இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தது சரியா?

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1834-ல் மதுரையில் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் நேர் எதிரான வழியில் போயிற்று. 1847-ல் ஜாதியை விட்டால்தான் சபையில் இடம் என்று அவர்கள் தீர்மானம் செய்தார்கள். எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். அதனால் சபையை விட்டுப் போனவர்கள் பலர். அவர்களில் உபதேசிமார்களும் இருந்தார்கள். கிறிஸ்துவுக்காகச் சொந்தங்களை இழக்கத் துணிந்தவர்கள்கூட அந்தப் பந்தியில் உட்காரத் துணியவில்லை. உட்கார்ந்தவர்களிடமும் ஜாதி அடியோடு போய்விடவில்லை. அந்த மிஷன்தான் 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரியைப் பின்னால் தல்லாகுளம் பக்கம் கொண்டு வந்தது.

சபைப் பிரிவுகளையாவது குறைப்போம் என்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி சென்னையில் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றாயின. உலகம் வியந்த ஒற்றுமை அது. சபைகள் ஒன்றாகிவிட்டன, ஆனால் தமிழ்நாட்டில் ஜாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்களைப் பற்றிய வழக்குகளும் கிளர்ச்சிகளும் அதற்குப் பிறகும் நடந்திருக்கின்றன. இறந்த பிறகும் அடுத்த குழியில் யார் என்று பார்க்கிற மனசு இது. இந்த மனசு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் எல்லாருடைய வீட்டுச் சொத்தும் அதுதான். ஆகையால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

பைபிளில் உள்ள சொற்களில் எதைத் தமிழாக்குவது மிகவும் கஷ்டம் என்று கேட்டால் பண்டிதர்கள் திரித்துவம், கிருபை என்று பெரிய பெரிய சொற்களைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்வேசுரனுக்குச் சொல் கிடைத்தது, பூசைக்கும் கிடைத்தது. 'அயலான்' என்ற சின்னச் சொல்லுக்குத்தான் இன்னும் சரியான மொழிபெயர்ப்பு வரவில்லை. அதை நூலில் செய்ய முடியாது. பந்தியில் பக்கத்து இலைக்கு இடம் விடுகிறபோதுதான் செய்ய முடியும். அதைச் செய்கிறவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, தத்துவ போதகர் முடிக்காமல் விட்டுப்போன வேலையைத்தான் செய்கிறார்.