சுவிசேஷம்னா என்ன? புத்தகமா, செய்தியா? பைபிளில் இதற்கு மட்டும் ஏன் தனி மரியாதை?

கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். முதல் வாசகம் நடக்கும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நற்செய்தி வாசிக்கிற நேரம் வந்ததும் மொத்த ஆலயமும் எழுந்து நிற்கும். எல்லாமே பைபிள்தானே, இதற்கு மட்டும் ஏன்?

கத்தோலிக்கர்கள் ‘நற்செய்தி’ என்பதைத்தான் புராட்டஸ்டன்ட் சபைகள் ‘சுவிசேஷம்’ என்கின்றன. மூலம், ‘எவாங்கெலியோன்’ என்ற கிரேக்கச் சொல். நல்ல சேதி என்று அர்த்தம்.

அரண்மனை வார்த்தை

இந்தச் சொல் கிறிஸ்தவர்கள் உருவாக்கியது இல்லை. இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே நகரில் கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளையே புத்தாண்டாக வைத்துக்கொள்வது என்ற முடிவு அதில் இருக்கிறது. அவர் பிறந்ததுதான் உலகத்துக்கு வந்த நல்ல சேதிகளின் தொடக்கமாம். அவரை ரட்சகர் என்றும் புகழ்கிறது.

அதே வார்த்தையைத்தான், ரோம ஆளுநர் பிலாத்து சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவரைப் பற்றிய சேதிக்கு முதல் கிறிஸ்தவர்கள் வைத்தார்கள். துணிச்சல்தான்! ரோம் மட்டுமே இதற்குப் பின்னணி என்றும் சொல்லிவிட முடியாது. நல்ல சேதி கொண்டுவரும் தூதர் ஏற்கெனவே யூத வேதத்தின் ஏசாயா நூலில் வருகிறார்.

அப்படி என்ன சேதி?

கி.பி. 50-களில் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில், 15ஆம் அதிகாரத்தில் சுருக்கம் இருக்கிறது. மனிதர்களின் பாவங்களுக்காக கிறிஸ்து மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், பலருக்குக் காட்சி தந்தார். அவ்வளவுதான். ‘இப்படி நடந்துகொள்’ என்ற கட்டளை இதில் ஒன்றுகூட இல்லை. நடந்துவிட்ட ஒரு சம்பவத்தின் அறிவிப்பு இது. அந்தச் சம்பவம் நடக்கவில்லை என்றால் விசுவாசமே வீண் என்று பவுலே அங்கு ஒப்புக்கொள்கிறார்.

பவுல் இதை எழுதும்போது சுவிசேஷப் புத்தகம் எதுவும் வந்திருக்கவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மாற்கு கி.பி. 70 வாக்கில்தான். மத்தேயு, லூக்கா, யோவான் அதற்கும் பிறகு. இந்த நான்கிலும் இயேசுவின் வாழ்க்கையும் வார்த்தையும் இருப்பதால், வாசிக்கும்போது அவரே பேசுகிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. எழுந்து நிற்பது அதற்காகத்தான்.

யாருக்கு?

மீட்பு கிடைப்பது விசுவாசத்தால் மட்டுமா என்ற சண்டை 16ஆம் நூற்றாண்டில் திருச்சபையைப் பிளந்தது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதில் அடிப்படை உடன்பாட்டுக்கு வந்து கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை ஆனது.

இன்னொரு கேள்வி இன்னும் ஓயவில்லை. லூக்கா 4ஆம் அதிகாரத்தில், சொந்த ஊரான நாசரேத்தில் இயேசு ஏசாயா சுருளை வாசிக்கிறார்: நற்செய்தி ஏழைகளுக்கு, விடுதலை சிறைப்பட்டவர்களுக்கு. அப்படியானால் இது ஆன்மாவுக்கு மட்டுமான சேதியா, வயிற்றுக்கும் சேர்த்தா? பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குட்டியரெஸ் 1971-ல் விடுதலை இறையியல் நூலை எழுதியது இந்த இடத்தில் நின்றுதான்.

நாசரேத்தில் முதலில் ஊரே வியந்தது. கடவுளின் தயவு வேற்று இனத்தாருக்கும் போனதை அவர் நினைவுபடுத்தியதும், அதே கூட்டம் அவரை மலை விளிம்புக்கு இழுத்துப்போய்த் தள்ளிவிடப் பார்த்தது.