தேநீர் ஊற்றியவர்களின் தொலைபேசி

கொழும்பு, தெமட்டகொடையில் ஒருவர் "சரியான யோசனையா இருக்கு" என்று சொன்னால், அவர் எதையோ ஆழமாகச் சிந்திக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை, விடிந்தால் எழும்ப மனமில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். கேட்பவரும் "யோசிக்காதீங்க, எல்லாம் சரிவரும்" என்பார். சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். சிந்திக்காதே என்று அறிவுரை சொல்லும் ஊர் இதுதானாம்.

யோசனை முற்றினால் எங்கள் பக்கத்தில் அடுத்த சொல் அங்கொடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டையில் வசையாக எறியும் பெயர். இந்தப் பக்கத்துக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு பழையது. தீவின் முதல் மனநோயாளர் காப்பகம் 1847இல் பக்கத்துப் பொரளையில் திறக்கப்பட்டது. வெலிக்கடைச் சிறை அதற்கு முன்பே அங்கே எழும்பியிருந்தது. அடைத்து வைக்க வேண்டியவர்கள் எல்லாரையும் ஒரே பக்கத்தில் வைத்தால் வசதி என்று வெள்ளைக்கார நிர்வாகம் நினைத்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1884இல் காப்பகம் கறுவாத்தோட்டத்துக்குப் போனது. கறுவாத்தோட்டம் பெரிய மனிதர்களின் பங்களாப் பகுதியாக மாறியது. 1926இல் காப்பகம் நகருக்கு வெளியே அங்கொடைக்குப் போனது. தெமட்டகொடையிலிருந்து கொலன்னாவை வழியாகக் கிழக்கே போனால் வருகிற இடம்தான்.

ஆக, ஒரு பக்கம் "யோசிக்காதீங்க", மறுபக்கம் அங்கொடை. நடுவில் வெகுகாலம் ஒன்றுமில்லை. கோயிலில் நேர்த்தி, பள்ளிவாசலில் ஓதிப் பார்த்தல், பன்சலையில் நூல் கட்டுதல், தேவாலயத்தில் ஜெபம் எல்லாம் இருந்தன. ஆனால் பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல், "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று ஒரு மனிதனிடம் சொல்ல இடமில்லை. அந்த நடு இடத்தில் பிறகு வந்து உட்கார்ந்த பொருள் ஒரு தொலைபேசி. அது பிறந்தது பாதிரிமார் வீட்டில். அதன் கருவோ இன்னும் பின்னால், ஜெர்மனியில், விட்டன்பர்க் ஊரில் கிடக்கிறது.

1527ஆம் ஆண்டு யூலை 6. மார்ட்டின் லூதர் தன் வீட்டில் சாய்ந்து விழுந்தார். உடல் நோவு ஒரு பக்கம், அதைவிட மோசமாக மன இருள். செத்துவிடுவேன் என்றே நம்பினார். நண்பரும் போதகருமான பூகன்ஹாகனைக் கூப்பிட்டு அனுப்பி, பாவ அறிக்கை செய்தார். போப்பாண்டவரையும் பேரரசரையும் எதிர்த்து நின்ற மனிதர், தன் மனம் தன்னைத் தின்றபோது, ஜெபித்துக்கொண்டு தனியே கிடக்காமல் இன்னொரு மனிதரின் குரலைத் தேடினார். இந்த நிலைக்கு அவர் வைத்திருந்த ஜெர்மன் சொல் 'அன்ஃபெக்டுங்'. தமிழ் லுத்தரன்கள் "சோதனை" என்பார்கள். அது போதாது என்பது என் எண்ணம். சோதனைக்கு ஒரு மதிப்பெண் உண்டு, தேறவும் தவறவும் முடியும். லூதர் சொன்னது அப்படியல்ல. சுற்றி வளைத்து அடிக்கிற அடி அது. எங்கள் "யோசனை"தான் கொஞ்சம் கிட்ட வருகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1530இல், அவர் கோபர்க் கோட்டையில் இருந்தார். விட்டன்பர்க்கில் அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த ஜெரோம் வெல்லர் என்ற இளைஞர் மனச்சோர்வில் அமிழ்ந்திருந்தார். லூதர் அவருக்கு எழுதிய கடிதம் இன்று படித்தாலும் ஆச்சரியம் தரும். தனியே இராதே, ஆட்களோடு பேசு, பகிடி விடு, விளையாடு என்கிறார். பிசாசு குடிக்காதே என்று சொன்னால் இன்னும் கூடக் குடி என்றும் எழுதினார். எந்த மருத்துவரும் இன்று அந்தக் கடைசி யோசனையை ஒப்புக்கொள்ள மாட்டார், அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, விசுவாசம் குறைந்துவிட்டது என்று அந்த இளைஞரை அவர் திட்டவில்லை என்பது. தனக்கும் இதே வந்தது என்று தன்னையே சான்றாக வைத்தார். மனச்சோர்வோடு வருபவரிடம் "இன்னும் ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற போதகர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும்.

தற்கொலை செய்தவரைத் தேவாலய முற்றத்தில் புதைக்க மறுத்த காலம் அது. 1532இல் தன் சாப்பாட்டு மேசையில் லூதர் வேறு மாதிரிப் பேசினார்: அப்படிச் செத்தவர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது, காட்டில் கள்ளன் கையில் அகப்பட்டுக் கொலையுண்டவனைப் போலத்தான் அவர்கள் என்று. இதைப் பொதுசனங்களிடம் சொல்லக் கூடாது என்றும் கூடவே சேர்த்துக்கொண்டார். சொன்னால் துணிந்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் இன்றும் எல்லா மதத்தாரிடமும் இருக்கிறது.

1537இன் ஸ்மால்கால்ட் கட்டுரைகளில், நற்செய்தி எந்தெந்த வழியில் மனிதனுக்கு உதவிக்கு வருகிறது என்று வரிசை சொன்னார். பிரசங்கம், திருமுழுக்கு, திருவிருந்து, பாவ மன்னிப்பு. இவை நான்கும் போதகர் கையில் இருப்பவை. பிறகு ஐந்தாவதாக ஒன்று: சகோதரர் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல் சொல்லிக்கொள்வது. இதற்கு அங்கியும் வேண்டாம், பீடமும் வேண்டாம்.

இந்த மரபு தமிழுக்கு வந்து வெகுநாளாகிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லூதரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அதே தரங்கம்பாடிப் பணியைச் சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயர் 1760இல் கடல் தாண்டி இலங்கைக்கும் வந்துபோனார். அவர்களுடைய ஜெர்மனில் போதகர் வேலைக்கே 'சீல்சோர்க' என்று பெயர், ஆன்மாவைப் பராமரித்தல். ஆனால் பராமரிப்பு என்றால் போதகர் வந்து செய்வது என்றுதான் சபைகள் புரிந்துகொண்டன. ஐந்தாவது வழி தாளில் கிடந்தது.

அதை எடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் லுத்தரன் அல்ல, ஓர் அங்கிலிக்கன். தெரியாமலே செய்தார் என்பதுதான் கதையின் சுவை.

1935. இங்கிலாந்தில் லிங்கன் நகரம். குருத்துவப் பணிக்குப் புதிதாக வந்த சாட் வரா என்ற இளைஞர் தன் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். 14 வயதுப் பெண்பிள்ளை. பெரியபிள்ளை ஆனதை ஏதோ கெட்ட வியாதி என்று நினைத்து, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டிருந்தாள். எங்கள் ஊரில் அதற்குச் சாமத்தியச் சடங்கு வைத்து மண்டபம் பிடிக்கிறோம். அங்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல யாரும் இருக்கவில்லை. வரா அதை மறக்கவில்லை. 1952இல் பாலியல் கல்வி பற்றி ஒரு சஞ்சிகையில் எழுதினார். கடிதங்கள் குவிந்தன, எழுதியவர்களில் சிலர் சாகும் எண்ணத்தில் இருந்தவர்கள். இலண்டன் பகுதியில் நாளுக்கு மூன்று பேர் தற்கொலை செய்கிறார்கள் என்று படித்திருந்தார். வீடு எரிந்தால் தீயணைப்புப் படைக்கு ஒரு எண் இருக்கிறது, மனம் எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அவருடைய கேள்வி.

1953 நவம்பர் 2ஆம் திகதி, இலண்டன் நகரின் நடுவில் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் முதல் அழைப்பு வந்தது. எண் மேன்ஷன் ஹவுஸ் 9000. நினைவில் நிற்கிற எண்ணாக இதையே கேட்கலாம் என்று போனபோது, யுத்தத்தில் குண்டு விழுந்த அந்தக் கட்டடத்தின் இடிபாட்டுத் தூசுக்குள் கிடந்த தொலைபேசியில் ஏற்கெனவே அதே எண் இருந்தது என்று அவர் பின்னாளில் சொல்வார். கொஞ்சம் மெருகு சேர்ந்த கதையாக இருக்கலாம். மனிதர் படக்கதைச் சஞ்சிகைகளுக்கும் எழுதியவர்.

விளம்பரம் பரவியது, ஆட்கள் வந்து குவிந்தார்கள். தொலைபேசியில் மட்டுமல்ல, நேரிலும். ஐயர் ஒருவர், வருபவர் பலர். காத்திருப்பவர்களோடு இருக்க, தேநீர் ஊற்றிக் கொடுக்க, சாதாரண ஆட்கள் தொண்டுக்கு வந்தார்கள். கதை திரும்பியது இங்கேதான். உள்ளே ஐயரைப் பார்க்க முறை வரும்போது, பலர் "இனித் தேவையில்லை" என்று எழும்பிப் போனார்கள். வெளியே தேநீர் ஊற்றிக் கொடுத்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தார்கள். ஊற்றியவர் ஆலோசனை சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் தெரியாது. கோப்பையை நீட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தார், கேட்டார்.

வேறு யாராவது என்றால் அந்தத் தொண்டர்களுக்குத் தேநீரோடு நிற்கச் சொல்லிக் கட்டளை போட்டிருப்பார்கள். வரா 1954 பெப்ரவரி 2ஆம் திகதி தொலைபேசியையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். குருமார் செய்கிற எத்தனையோ வேலைகளில், தான் விலகி நிற்பது என்ற வேலை அபூர்வமானது. இந்தச் சேவைக்குச் சமாரித்தன்ஸ், அதாவது சமாரியர்கள், என்ற பெயரைப் பத்திரிகை வைத்தது. கூப்பிடுபவரிடம் மதம் பேசக் கூடாது என்பதை வரா விதியாக்கினார். இது ஊழியமா, வேதத்தைத் திறக்காத பராமரிப்பு பராமரிப்பா என்று கேட்டவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். 1537இன் ஐந்தாவது வழியைப் படித்த ஒருவர் அப்படிக் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

லூதரின் நாட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 1956இல் மேற்கு பெர்லினில் கிளவுஸ் தோமஸ் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையே பத்திரிகையில் போட்டுத் தொடங்கினார். அவர் போதகர், மருத்துவரும்கூட. வாழ்க்கை சலித்தவர்களைப் பராமரிப்பது என்று பொருள்படும் பெயரை வைத்தார். பிறகு ஜெர்மனி முழுதும் பரவி நிலைத்த பெயரில் அந்தப் பழைய 'சீல்சோர்க'வின் முன்னால் 'தொலைபேசி' ஒட்டிக்கொண்டது. ஒரே ஆள் போதகராகவும் மருத்துவராகவும் இருந்ததில் ஒரு பாடமும் உண்டு. கேட்பதால் ஆறுகிற வலி உண்டு, மருந்தில்லாமல் ஆறாத நோயும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாத போதகர் ஆபத்தானவர்.

கொழும்புக்கு அது 1974இல் வந்தது. தொடங்கியவர் ஜோன் டி மெல் என்ற பெண்மணி. பெயர் சுமித்ரயோ, நல்ல நண்பர்கள். சமாரியன் என்ற வேதாகமப் பெயர் நீங்கி, நல்ல நண்பனுக்குப் பௌத்தம் சொல்லும் கல்யாணமித்திரன் என்ற பெயரின் சாயல் வந்தது. சிலுவை இல்லை, தர்மச் சக்கரமும் இல்லை. தெமட்டகொடை மாதிரி நாலு மதமும் ஒரே ஒழுங்கைக்குள் இருக்கிற இடத்தில் வேறெப்படிச் செய்ய முடியும்? கூப்பிடுபவரின் சமயத்தைக் கேட்டால் பாதிப் பேர் அப்போதே தொலைபேசியை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர், கேட்பவர் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்தவராக இருந்துவிடுவாரோ என்று வைத்துவிடுவார்கள்.

இங்கே இன்னொரு பயமும் இருந்தது. அப்போது தற்கொலை முயற்சி இலங்கைச் சட்டப்படி குற்றம். உயிர் தப்பியவர் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே பொலிஸ் வாக்குமூலம் எடுக்க வரக்கூடிய நிலை. ஆகவே "சாகப் போகிறேன்" என்று தொலைபேசியில் சொல்பவர், ஒரு விதத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்பவரும் ஆவார். பாவ அறிக்கையின் இரகசியத்தைப் போதகர் காக்கிற மாதிரி, தொலைபேசியை எடுத்த தொண்டரும் காக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் 1998இல்தான் நீங்கியது. 24 ஆண்டுகள் சுமித்ரயோ அந்தச் சட்டத்தின் நிழலிலேயே காது கொடுத்தது.

உயிர்களை எல்லாம் தொலைபேசி காப்பாற்றியது என்று சொன்னால் அது பொய். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்தார்கள், உலகிலேயே மிகக் கூடிய விகிதங்களில் அது ஒன்று. அதைக் கீழே இறக்கியதில் பெரிய பங்கு, கொடிய நச்சுப் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததற்கு. 1996க்கும் 2005க்கும் இடையில் விகிதம் பாதியாகக் குறைந்தது. தோட்டத்து லயத்திலும் வயற்காட்டு வீட்டிலும் எட்டுகிற தூரத்தில் போத்தல் இல்லாமல் போனதால், கோபத்தின் முதல் ஐந்து நிமிடம் தாண்டியது. தொலைபேசிக்காரரும் மருந்துத் தடைக்காரரும் தேடியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். ஒருவர் பேச்சால் கடத்தப் பார்த்தார், மற்றவர் போத்தலை எடுத்துவிட்டார்.

தமிழிலும் இந்தக் காது பிறந்தது. 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். அதுவும் நண்பன் என்ற பொருளுக்குப் பக்கத்துச் சொல்தான். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவில் 'சாந்திகம்' எழும்பியது. அங்கிருந்து எங்களுக்கு 'உளவளத்துணை' என்ற சொல் பழக்கமாயிற்று. தமிழ்நாட்டார் 'ஆலோசனை' என்பார்கள். எனக்கு எங்கள் சொல்லே பிடிக்கும். ஆலோசனையில் சொல்பவர் முக்கியம், துணையில் கூட இருப்பவர் முக்கியம்.

அங்கொடைக்குத் திரும்புகிறேன். 2008இல் அதற்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் வந்தது. சண்டையில் எறியும் வசையில் பெயர் இன்னும் மாறவில்லை. அந்த நிறுவகம் உதவி தேடுவோருக்காக நான்கே இலக்கத்தில் ஒரு எண்ணை வைத்திருக்கிறது: 1926. ஆசுபத்திரி திறந்த ஆண்டும் அதுவே. நான் இந்தக் கட்டுரையை எழுதும் அறையின் சன்னல் வழியாகத் தெமட்டகொடை இரயில் கொட்டகைப் பக்கம் எஞ்சின் ஒன்று ஊதுகிறது. எதிர்வீட்டு ஆன்ட்டி மதிலுக்கு மேலால் "யோசிக்காதீங்க, பிளேன்டீ ஒண்டு ஊத்தவா?" என்று யாரையோ கேட்கிறார்.