கடல் கடந்த மேடை

இரவில் குசினியில் கோப்பை கழுவும்போது நாங்கள் கே. பி. சுந்தராம்பாளின் பாட்டுகளைப் போடுகிறோம். 1908இல் கொடுமுடியில் பிறந்து வறுமையில் வளர்ந்த அவரை எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்த்துவைத்தது எங்கள் கொழும்பு மேடை. 1933இல் கிட்டப்பா இறந்தார். வெள்ளைச் சேலை உடுத்த சுந்தராம்பாள், இனி ஆண்களோடு சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் "பக்த நந்தனார்" படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

அந்த நாளில் தமிழ் நாடகக் குழுக்கள் கொழும்புக்குப் போலவே ரங்கூனுக்கும் கப்பலேறின. 1931இல் ரங்கூன் சனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். தமிழரும் அதில் பலர். 1942இல் யப்பானியப் படையெடுப்போடு அவர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள், பலர் கால்நடையாக. பிறகு நாங்களும் சிதறினோம்.

நாடக வரலாற்றில் நடிகர்களின் பெயர் உண்டு. முன்னால் இருந்து பார்த்த சனங்கள் இல்லை. அதை நாங்கள்தான் எழுதவேண்டும்.