வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு

ஆயத்த ஆடைகளை வாங்கி விற்கும் நிறுவனங்களை, அவை தைக்கப்படும் ஆலைகளின் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பாக்கிய ஒப்பந்தம். 2013 மே மாதம் உருவானது.

அதற்குக் காரணம் ரானா பிளாசா. டாக்காவை அடுத்த சாவரில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் விட்டது. கீழ்த்தளத்து வங்கி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்தளங்களில் தைப்பவர்களோ, வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டு மறுநாள் காலை உள்ளே போனார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த சில ஆலைகள், தொழிலாளர் நிலைமைகளைப் பார்க்கும் சமூகத் தணிக்கையில் ஏற்கெனவே தேறியவை. அந்தத் தணிக்கையாளர்கள் தூண்களின் வலுவைப் பார்க்கவே இல்லை. அது அவர்கள் வேலையாகவும் இருக்கவில்லை!

200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உலகத் தொழிற்சங்கங்களுடன் கையெழுத்திட்டன. வால்மார்ட், கேப் போன்றவை சேராமல் தனிக் கூட்டணி அமைத்துக்கொண்டன. உடன்பாட்டின் ஆய்வறிக்கைகள் பொதுவில் வெளியாகின. அவசர வழிகளில் பூட்டுப் போட்ட மடக்குக் கதவுகள் அகற்றப்பட்டன. பழுதுபார்க்கும் செலவுக்கு வழி இருப்பதை வாங்குபவரே உறுதிசெய்ய வேண்டும் என்ற விதிதான் இதன் முதுகெலும்பு. இந்த உடன்பாட்டின் கீழ் தொழிற்சங்கங்கள் நடுவர் மன்றம் வரை கொண்டுபோன ஒரு வழக்கு, 2018-இல் 23 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

2021-இல் இது சர்வதேச உடன்பாடாக விரிந்து, பிறகு பாகிஸ்தானையும் எட்டியது.