குழாய் ரேடியோ முதல் டிஜிட்டல் மிக்சர் வரை: தமிழக மேடை ஒலியமைப்புத் தொழிலின் வளர்ச்சி (வெள்ளிமலையை முன்வைத்து)

முன்னுரை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் இது. மலையாளி பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரில் கோடை விழாவோ கோயில் திருவிழாவோ கட்சிக் கூட்டமோ, எது நடந்தாலும் கலைஞர்களுக்கு முன்பே மைக் செட் வண்டி வந்து நின்றாக வேண்டும். பாக்ஸ்களை இறக்கி, ஜெனரேட்டரை ஓரங்கட்டி, ஒயர் இழுத்து முடித்த பிறகுதான் மேடைக்கு உயிர் வரும். நிகழ்ச்சி முடிந்து ஊர் உறங்கப் போகும்போது அதே ஆட்கள் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நன்றியுரையில் “ஒலி, ஒளி அமைத்துக் கொடுத்தவர்களுக்கு” என்ற ஒரே தொடர்தான் அவர்கள் பங்குக்கு வரும்.

தமிழ் மேடையின் குரலைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. ஒலிவாங்கியும் ஒலிப்பதிவும் வந்த காலத்தில் கர்நாடக இசையில் குரல் அடைந்த மாற்றத்தை அமாண்டா வெய்ட்மன் 2006இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். திராவிட இயக்க மேடைப்பேச்சின் அழகியலை பெர்னார்ட் பேட் 2009இல் விரிவாக எழுதினார். கட்டைக்கூத்து மரபை ஹன்னே டி ப்ரூயின் 1999இல் நூலாக்கினார். இவற்றின் மையம் பாடுபவர், பேசுபவர், ஆடுபவர். அந்தக் குரலைக் கூட்டத்திடம் கொண்டுசேர்த்த தொழிலாளியை மையத்தில் நிறுத்தி, அவர் பணி எப்படி மாறிவந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எட்டவைத்தல், ஈர்த்தல், சமன்செய்தல் என்று மூன்று கட்டங்களாக அம்மாற்றம் நடந்தது என்பதும், பின்னது வந்ததால் முன்னது மறைந்துவிடவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஒலிபெருக்கிக்கு முந்தைய மேடை

மைக் இல்லாத காலத்தில் எட்டவைக்கும் பொறுப்பு கலைஞனின் தொண்டையிலும் கருவியிலும் இருந்தது. நாடக மேடையில் உச்ச சுருதியில் பாடுவதே தகுதியாகக் கருதப்பட்டது. 1933இல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த எட்டும் குரலின் மேல் எழுந்தது. கே.பி. சுந்தராம்பாளின் கணீர்க் குரலும் அதே மேடையில் பழகியது. வடதமிழகத்தின் தெருக்கூத்தில் ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், தாளம் ஆகியவற்றுக்கு மேலே குரல் எழும்பி விடிய விடிய நிற்க வேண்டும். கூத்தாடி வட்டமாகச் சுற்றிவந்து நான்கு பக்கமும் பாடியதற்கு ஆட்ட இலக்கணம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. நான்கு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களின் காதும் ஒரு காரணம்.

நாகசுரத்தின் வரலாறும் இங்கே பொருந்துகிறது. குட்டையான, சுருதி கூடிய திமிரி திறந்தவெளிக்கு ஏற்றது. நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனோடு நிலைநிறுத்தியவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). பாரியின் கனத்த நாதம் பரவிய அதே பத்தாண்டுகளில்தான் மைக்கும் கச்சேரி மேடைக்கு வந்தது. கருவியின் சுருதி இறங்கியதற்கு ரசனை மாற்றமே முதற்காரணம் என்றாலும், ஊர்வலத்தை விட்டு மேடையேறிய நாகசுரத்துக்கு மைக் துணைநின்றது என்று கொள்வது தவறாகாது.

எட்டவைத்தல்

மேடை ஒலிபெருக்கியின் தொடக்கம் அமெரிக்காவில். பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் ‘மேக்னவாக்ஸ்’ என்று பெயரிட்ட கருவியை 1915இல் கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் சான்பிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் பெருங்கூட்டத்துக்கு இயக்கிக் காட்டினார்கள். 1925இல் ரைஸ், கெல்லாக் இருவரின் ஆய்வு இன்றைய கூம்புத்தாள் ஸ்பீக்கருக்கு அடித்தளம் இட்டது.

தமிழகத்தில் பொது இடத்து ஒலிபெருக்கி முதலில் கேட்பதற்கான ஏற்பாடாக வந்தது. 1924இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப்பின் பணியை 1930இல் சென்னை மாநகராட்சி ஏற்று ஒலிபரப்பியது. வீட்டில் வானொலி இல்லாதவர்களும் கேட்கும்படி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. அரசியல் மேடையில் அக்காலத்துப் பெயர் மோத்வானே குடும்பத்தின் ‘சிகாகோ ரேடியோ’. காங்கிரஸ் மாநாடுகளுக்கு அந்நிறுவனம் ஒலிபெருக்கிகளைக் கொண்டுசென்றது. தலைவர்களின் பழைய புகைப்படங்கள் பலவற்றில் மைக்கின் கழுத்தில் அப்பெயர்ப்பலகை தொங்குவதை இன்றும் பார்க்கலாம். 1940இல் தொடங்கிய அஹுஜா நிறுவனம் பின்னாளில் சிற்றூர்க் கடைவரை இறங்கியது.

மைக் வந்ததும் பேச்சின் தன்மையே மாறிற்று. கத்தத் தேவையில்லாதபோது அடுக்குமொழிக்கும் இடைநிறுத்தத்துக்கும் இடம் கிடைத்தது. 1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்தில் அண்ணாவின் கரகரத்த குரல் பெருங்கூட்டத்தை ஆள முடிந்ததற்குப் பின்னால் இந்தக் கருவி இருந்தது. கச்சேரி மேடையிலும் இதே கதைதான். தாழ்ந்த சுருதியும் மென்மையான கமகமும் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர்ந்தன. பெண் குரல்களுக்குப் பெரிய அரங்கம் வசப்பட்டது.

இக்கட்டத்தில் ஒலியமைப்பாளர் பெரும்பாலும் ரேடியோ பழுதுபார்ப்பவர். வால்வு ஆம்ப்ளிஃபயரை பேட்டரியில் ஓட்டத் தெரிந்தவர். எல்லாருக்கும் கேட்கிறதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் அவர் வேலை முடிந்தது.

ஈர்த்தல்: சவுண்டு சர்வீஸ் காலம்

1957இல் மின்வாரியம் அமைந்து கிராம மின்மயமாக்கம் வேகம்பிடித்ததும் சவுண்டு சர்வீஸ் ஒரு தனித்தொழிலானது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, தேர்தல் என்று ஆண்டு முழுவதும் வேலை. ரெக்கார்ட் பிளேயர், இசைத்தட்டுப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், நாலைந்து குழாய் ஸ்பீக்கர்கள், சீரியல் செட் விளக்குகள்: ஒரு கடையின் மொத்தச் சொத்து இவ்வளவுதான்.

குழாய் ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதற்குத் தொழில்நுட்ப விடை உண்டு. பெட்டி ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சக்தியில் மிகச் சிறிய பங்கையே ஒலியாக்கும். கொம்புபோல் விரியும் குழாய் அதைப் பல மடங்கு திறம்படச் செய்யும். ஆகவே சிறிய ஆம்ப்ளிஃபயரே ஊர் முழுக்கக் கேட்கும். அதோடு 100 வோல்ட் லைன் முறையில் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய குழாய்களை மெல்லிய ஒயரில் வெகுதூரம் தொடுக்கலாம். சவுக்குக் கம்பத்திலும் புளியமரத்திலும் குழாயைக் கட்டித் தெருக்கோடிவரை பாட்டைக் கொண்டுபோனது இந்த முறையால்தான். பாஸ் கிடையாது, கூர்மையான உச்ச ஒலியும் கிடையாது. மனிதக் குரல் வாழும் நடுப்பகுதி மட்டும் முந்திக்கொண்டு வரும். 1976இல் ‘அன்னக்கிளி’ பாடல்கள் ஊரூராகப் பரவியதில் இக்குழாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எட்டவைப்பதோடு ஈர்ப்பதும் இப்போது ஒலியமைப்பாளரின் வேலையாயிற்று. விடிகாலையில் பக்திப்பாட்டு, பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு, தாலி கட்டியதும் ஒரு பாட்டு என்று சடங்கின் நேரம் அறிந்து தட்டு மாற்றுகிறவர் ஊரின் பொது ரசனையை நடத்துகிறவராகவும் இருந்தார். மொய் அறிவிப்பும் காணாமற்போன குழந்தை அறிவிப்பும் அவர் கை மைக்கின் வழியாகவே போயின.

மலைமேல் இக்கட்டம் தாமதமாகத்தான் வந்தது. கல்வராயன்மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலையும் மின்சாரமும் சமவெளியின் வேகத்தில் அங்கே ஏறவில்லை. எனவே தனக்கென்று நீண்ட சவுண்டு சர்வீஸ் மரபு வளரும் முன்பே மலை, கீழிருந்து வரும் மைக் செட்டைச் சார்ந்ததாயிற்று. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாபோலப் பெருங்கூட்டம் கூடும் விழாக்கள் சமவெளியில் இருப்பதும் தொழில் அங்கேயே குவியக் காரணம்.

சமன்செய்தல்: மெல்லிசைக் குழுவும் சுற்றுப்பயணமும்

ஊர்விட்டு ஊர் போய் மேடையேறும் இசைக்குழு தமிழகத்துக்குப் புதிதன்று. பாவலர் வரதராஜனின் குழு பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்காக ஊர் சுற்றியது. இளையராஜா தம் பதின்பருவத்தில் பயின்ற மேடை அது. ஓர் ஆர்மோனியம், தாளவாத்தியம், குரல்களுக்கு இரண்டு மைக் போதும். 1970களில் மெல்லிசைக் குழுக்கள் பெருகியபோது நிலைமை மாறியது. டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டு, தபலா, புல்லாங்குழல், வயலின், நான்கு பாடகர்கள் என்று மேடை நிரம்பியது. உரத்த கருவி மென்மையானதை விழுங்கும். அதைத் தடுக்க மிக்சர் தேவைப்பட்டது, மிக்சருக்குப் பின்னால் காது கூர்மையான ஓர் ஆள் தேவைப்பட்டார். ‘எக்கோ நல்லா இருக்கு’ என்பதே ஒரு செட்டுக்கு ஊர்மக்கள் தந்த நற்சான்று.

உலக அளவிலும் இப்பணி தனித்துறையானது 1960களில்தான். 1965இல் நியூயார்க் ஷே அரங்கில் பீட்டில்ஸ் பாடியபோது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கியது. 1969 உட்ஸ்டாக் விழாவுக்கு பில் ஹான்லி ஒலியமைத்தார். 1992இல் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் லைன் அரே முறையை இன்றைய வடிவில் தந்தது. சாதாரண ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும். லைன் அரேயில் குறிப்பிட்ட தொலைவுவரை 3 டெசிபல்தான் குறையும். முன்வரிசையின் காதைப் பிளக்காமல் பின்வரிசைக்குக் கேட்கவைக்க இதனால் முடிந்தது.

ஏ.ஆர். ரகுமானின் உலகப் பயணங்கள் தமிழ்த் திரையிசையை இந்தத் தரத்துக்குள் கொண்டுவந்தன. 2010ஆம் ஆண்டுப் பயணத்தில் அமெரிக்காவின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் மேடைக்கு மேலிருந்த விளக்கு அமைப்பு சரிந்து நிகழ்ச்சியே நின்றது. தலைக்கு மேல் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரவேண்டிய தொழில் இது என்பதற்கு அது சான்று.

பயண ஒலியமைப்பாளரின் ஒரு நாளை நெருங்கிப் பார்த்தால் ‘சமன்செய்தல்’ என்பதன் பொருள் விளங்கும். காலையில் ஸ்பீக்கர் ஏற்றம். பிறகு லைன் செக்: எந்த மைக் எந்தச் சேனலில் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது. அடுத்து ரிங் அவுட்: மேடை மானிட்டரில் பாடகரின் மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஒரு கட்டத்தில் ‘கீ’ என்று கத்தும். கத்துகிற அலைவெண்ணை ஈக்வலைசரில் கண்டு அதை மட்டும் குறைத்து மறுபடி ஏற்றுவது. அதன்பின்தான் கலைஞர்களோடு சவுண்டு செக். டிஜிட்டல் மிக்சர் வந்தபின் நேற்றைய அமைப்பைக் கோப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். ஆனால் அரங்கமும் ஸ்பீக்கரும் காற்றும் அந்தக் கோப்பில் வராது.

வெள்ளிமலை மேடை

காற்று மாறும் என்பதை மலைமேடை கண்கூடாகக் காட்டுகிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 30 பாகை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர், 15 பாகையில் 340 மீட்டர். கூட்டத்தின் நடுவே 60 மீட்டர் தள்ளி இரண்டாவது ஸ்பீக்கர் வைத்தால், மேடை ஒலி வந்துசேரும் நேரத்துக்கு இணையாக அதைத் தாமதப்படுத்த வேண்டும். பிற்பகல் வெயிலில் 172 மில்லிநொடி. இரவு குளிரில் 176க்கு மேல். பகலில் சரிபார்த்ததை இரவில் மறுபடி பார்க்காவிட்டால் பேச்சின் தெளிவு மங்கும். வெயில் தாழ்ந்து நிலத்தையொட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்தபின், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். பள்ளத்துக் குடியிருப்பில் நள்ளிரவுப் பாட்டு பக்கத்தில் ஒலிப்பதுபோல் கேட்பது அதனால்தான்.

இங்கே மூன்று கட்டங்களும் ஒரே இரவில் கூடிவிடுகின்றன. அறிவிப்புக்கு எட்டும் ஒலி வேண்டும். கூட்டம் சேர்க்க ஈர்க்கும் பாட்டு வேண்டும். பம்பையும் கீபோர்டும் ஒரே மேடையில் ஏறினால் சமன்செய்யும் காது வேண்டும். மாநகரத்தில் மூவர் பிரித்துக்கொள்ளும் வேலை இது. மலைக்கு வருகிற செட்டில் பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுகிறது.

சட்டத்தின் வரையறை

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இத்தொழிலுக்கு எல்லை வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம். விடியவிடிய நடந்த கூத்துக்கு இந்த நேர வரம்பு பெரும் முடிச்சு. கூம்பு வடிவக் குழாய்கள் மீதான கெடுபிடியும் சேர்ந்து பழைய சவுண்டு சர்வீஸ்காரரைப் பெட்டி ஸ்பீக்கரின் பக்கம் தள்ளியது. விதியை மதித்து ஒலியைக் கூட்டத்துக்குள்ளேயே அடக்குவதும் இன்று தொழில் திறமைதான். அதற்கு அளவுமானியும் பயிற்சியும் வேண்டும்.

முடிவுரை

தமிழக மேடை ஒலியமைப்பு வானொலிப் பழுதுபார்ப்பில் முளைத்து, சவுண்டு சர்வீஸில் தழைத்து, மெல்லிசைக் குழுவில் நுட்பம் பெற்று, உலகப் பயணத்தில் தரம் கண்டது. ஸ்டுடியோவிலிருந்து கீழிறங்கிய கலையாக அதைப் பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. திருவிழாத் திடலிலிருந்து மேலேறியது அது. சுருதி, பேச்சுநடை, கூத்தின் நேரம், விழாவின் ரசனை ஆகிய நான்கையும் மாற்றிய ஒரு தொழிலுக்கு இன்னும் எழுதப்பட்ட வரலாறு இல்லாதது ஆய்வுலகின் குறை.

செய்ய வேண்டியவை எளியவை. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளின் மூத்த சவுண்டு சர்வீஸ்காரர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் குழாய்களும் பழைய இரும்புக்குப் போகும் முன் அவற்றில் சிலவற்றையாவது அருங்காட்சியகங்கள் வாங்கிவைக்க வேண்டும். மலைவாழ் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியில் மேடை ஒலியமைப்பு ஒரு பாடமாக வேண்டும். அப்படி வந்தால் வெள்ளிமலை விழாவுக்கு ஒலியமைப்பாளரைக் கீழிருந்து அழைத்துவர வேண்டிய தேவை இருக்காது.