புறநிணநீர்க் கசிவு

புறநிணநீர்க் கசிவு என்பது உட்செவியை நிரப்பியுள்ள நீர்மம் நடுச்செவிக்குள் கசியும் நோய்நிலை ஆகும். இது பெரிலிம்ஃப் ஃபிஸ்டுலா என்றும் அழைக்கப்படுகிறது. திடீர்ச் செவித்திறன் இழப்பிற்கான அரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

கசியும் இடம்

உட்செவிக்கும் காற்று நிரம்பிய நடுச்செவிக்கும் இடையே இரண்டு சாளரங்கள் உள்ளன. நீள்வட்டச் சாளரத்தை அங்கவடி எலும்பின் அடித்தட்டும், வட்டச் சாளரத்தை ஒரு மெல்லிய சவ்வும் மூடியுள்ளன. இவற்றில் கிழிசல் ஏற்படும்போது புறநிணநீர் வெளியேறுகிறது.

காரணங்கள்

தலையில் அடிபடுதல், அங்கவடி எலும்பில் செய்யப்படும் அறுவை, நீரில் ஆழமாக மூழ்குதல், வானூர்திப் பயணம் ஆகியவை முக்கிய காரணங்கள். 1971 இல் விக்டர் குட்ஹில் சாளரம் கிழியும் முறையை இருவகையாக விளக்கினார். முக்கிப் பளு தூக்கும்போது மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம் உயர்ந்து சாளரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளலாம். மூக்கைப் பொத்திப் பலமாக ஊதும்போது நடுச்செவிக் காற்று அதை உள்நோக்கித் தள்ளலாம்.

மலைப்பயணமும் செவியும்

பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குள்ள காற்றழுத்தம் அடிவாரத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது வெளியழுத்தம் கூடுவதால் செவிப்பறை உள்வாங்கிக் காது அடைக்கிறது. உமிழ்நீரை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ யூஸ்டேஷியன் குழல் திறந்து அழுத்தம் சமநிலை அடையும். சளி பிடித்திருந்தால் குழல் எளிதில் திறவாது. சாலைப் பயணத்தில் அழுத்தம் மெல்ல மாறுவதால் கசிவு ஏற்படுவது மிக அரிது. எனினும் அடைப்பை நீக்க மூக்கைப் பொத்தி வலிந்து ஊதுதல் கூடாது.

அறிகுறிகள்

ஒரு காதில் திடீரெனக் கேட்டல் குறைதல், காதிரைச்சல், தலைச்சுற்றல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை தோன்றலாம். சாதாரண அடைப்பையும் உட்செவிப் பாதிப்பையும் வேறுபடுத்த இசைக்கவைச் சோதனை உதவும். அதிரும் கவையை நெற்றியின் நடுவில் வைத்தால், அடைப்புள்ளவருக்கு அடைத்த காதிலும், உட்செவி பாதிக்கப்பட்டவருக்கு நல்ல காதிலும் ஒலி மிகுதியாகக் கேட்கும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

இக்கசிவை உறுதி செய்வது கடினம். நடுச்செவியைத் திறந்து பார்த்தாலும், கசியும் நீரின் அளவு மிகக் குறைவாதலால் ஐயம் நீடிப்பதுண்டு. இந்நோய் எந்த அளவிற்குப் பரவலானது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

முதலில் தலையை உயர்த்திய நிலையில் படுக்கை ஓய்வு அளிக்கப்படுகிறது. முக்குதலும் பளு தூக்குதலும் தவிர்க்கப்படுகின்றன. குணமாகாவிடில் நோயாளியின் சொந்தத் திசுவைக் கொண்டு சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. இதனால் தலைச்சுற்றல் தணியலாம். இழந்த செவித்திறன் மீளும் என்பது உறுதியன்று.

காரணம் அறியப்படாத திடீர்ச் செவித்திறன் இழப்பிற்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப்பட்டால் பயன் மிகுதி. ஆகவே ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால், அதை மலையிறங்கியதால் வந்த அடைப்பு என்று கருதிக் காத்திராமல், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுதல் வேண்டும்.