பிடுங்கவும் காசு, நடவும் காசு!

இங்கிலாந்து வயல்களைச் சுற்றி உயிர்வேலிகள் இருக்கும். குருவி கூடு கட்டும், முள்ளெலி ஒதுங்கும். இரண்டாம் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாடு கற்றுத்தந்த பாடத்தில், 1947 விவசாயச் சட்டம் விளைச்சலுக்கு விலை உத்தரவாதம் தந்தது. பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் வேண்டுமே! வேலியைப் பிடுங்க அரசே மானியம் கொடுத்தது. ஆயிரக்கணக்கான மைல் வேலி போனது. வயல்வெளிப் பறவைகளும் குறைந்தன.

1991-ல் வந்த 'கன்ட்ரிசைட் ஸ்டூவர்ட்ஷிப்' திட்டத்தில் கணக்கு தலைகீழானது. வேலியைச் சீரமைக்கப் பணம்! 1997-ல் முக்கியமான வேலிகளை அகற்றத் தடையும் வந்தது. ஒப்பந்தக்காரர்களுக்குக் குளிர்காலம் முழுக்க வேலை. தண்டை அடியில் முக்கால்வாசி வெட்டிச் சாய்ப்பார்கள். அங்கிருந்து புதுத்தளிர் கிளம்பும்.

இரண்டு செலவும் மக்கள் வரிப்பணம்தான். பிடுங்க ஒரு நாள் போதும். நூற்றாண்டு வேலி திரும்ப வளர நூற்றாண்டே ஆகும். அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?